அணைந்த உலையின் சூடு

காய்ச்சல்தான் முதலில் வந்தது. அதன்பின் தொடையிடுக்கில் இருபுறமும் நெறி கட்டி நடை தளர்ந்தது. அதற்கும் பின்னே, பெற்ற தாயிடமும் சொல்லக் கூசும் இடத்தில், கடுகு தூவினாற்போல் நீர்க்கொப்புளங்கள் கூட்டங்கூட்டமாய் எழுந்தன. அவை உடைந்து புண்ணானபோது, சிறுநீர் கழிப்பதே பூவம்மாளுக்குத் தீயில் இறங்குவதாயிற்று. கிணற்றடித் தட்டி மறைவில், குவளை குவளையாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே பல்லைக் கடித்து அவள் அந்தக் கடனைத் தீர்த்து வந்தாள்.

திருவொற்றியூரில், தேரடிக்குக் கிழக்கே, கடலின் இரைச்சல் ஓயாமல் கேட்கும் சந்து ஒன்றில் அவள் வீடு. கணவன் பரசுராமன் எண்ணெய் ஆலையில் பாய்லருக்குக் கரி தள்ளுபவன். மகள் அம்மு இன்னும் பள்ளிக்குப் போகும் வயதை எட்டாதவள். பரசுராமனின் தமக்கை ராஜாத்தி, கணவன் இறந்தபின் தம்பியோடு வந்து தங்கியவள். அவள் வந்த நாள் முதல் அந்த வீட்டில் சாவிக்கொத்தும் தீர்ப்பும் அவளிடமே இருந்தன.

"உடம்பு அனலா கொதிக்குதே, பூவு. அம்மா வாத்துக்கிறாளா இன்னா?" என்று கேட்டுக்கொண்டே ராஜாத்தி வேப்பிலை ஒடிக்கக் கிளம்பினாள்.

"அம்மா இல்லக்கா. கொப்புளம். கொத்து கொத்தா."

"அப்ப அக்கியாத்தான் இருக்கும். கொயவரு வந்து காவி எயுதினா வாடிப்பூடும். எங்க கீது, காட்டு."

பூவம்மாள் காட்டவில்லை. அவள் கை மட்டும் அறியாமல் மடியின் மேல் போய் நின்றது. ராஜாத்தி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"அங்கியா?"

பூவம்மாள் தலை கவிழ்ந்தாள்.

"அங்க காவி எயுத எந்தக் கொயவரை இட்டாருவேன் நானு?" ராஜாத்தியின் கையிலிருந்த வேப்பங்கொத்து கீழே விழுந்தது. "இது மேகம்மே. கலீஜு சீக்கு."

அன்று மாலை ஆலையிலிருந்து திரும்பிய பரசுராமன், முகத்துக் கரியைக் கழுவுமுன்னரே எல்லாவற்றையும் தமக்கையின் வாயால் கேட்டுவிட்டான். அவன் இயல்பில் கொடியவன் அல்லன். நாள் முழுதும் உலைவாயில் நின்று வற்றிப்போனவன், பேசுவதற்கே சலிப்பவன். வாசற்படியில் குந்திக் கேட்டான்.

"இன்னாம்மே இது?"

"உனக்கு வர்றதுதான்யா எனக்கும் வந்துக்கீது."

"எனக்கு வர்றது சூடு. உலை வாயில நிக்கிறவன் நானு. நீ எந்த உலை முன்னாடி நின்ன?"

அவனுக்கு அந்நோய் வருவதை அவள் மணமான நாள் முதல் அறிவாள். மழை பொய்த்தாலும் அது பொய்க்காது. அவ்வப்போது அவனுக்கு அவ்விடத்தில் ஒரு குறுகுறுப்பு எழும். மறுநாள் சிறு கொப்புளங்கள் தோன்றும். பிறகு காய்ந்து உதிர்ந்துவிடும். உலையில் நிற்பவனுக்கு உடம்பு கொதித்து அப்படித்தான் வெடிக்கும் என்று அவன் நம்பினான், அவளும் நம்பினாள். குறுகுறுப்புக் கண்டவுடனேயே, புதன் சனி என்று பாராமல், "எண்ணெ காய்ச்சும்மே" என்பான். தலை முழுகி, மிளகுரசம் உண்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு கடற்கரை மணலுக்குப் படுக்கப் போய்விடுவான். எண்ணெய் தேய்த்துக்கொண்டவன் மனைவியை அணுகலாகாது என்பது அவர்கள் குலத்தில் வழிவழியாய் வந்த வழக்கம். கொப்புளத்தின் பொருக்கு உதிரும்வரை அவன் மணலில்தான் கிடப்பான். உடம்பின் சூடு தணியுமுன் வீட்டுக்குள் வந்தால் எலும்பு உருகிவிடும் என்று மூத்த தொழிலாளிகள் அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

எத்தனையோ ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. உலையின் சூடு உலையில் நிற்பவனோடே நின்றது. அது எவ்வாறு வீட்டில் சோறு வடித்துக் கிடந்தவள்மேல் தாவியது?

"இதுல ரோசன பண்ண இன்னா கீது?" ராஜாத்தி இடையில் புகுந்தாள். "வெள்ளிக்கிழம கோயிலுக்கு வரட்டும். கொளத்துல முயுகி, மகிழடியில நின்னு, வேற ஆம்பள தொட்டதில்லேன்னு சத்தியம் பண்ணட்டும். நெசம்னா புண்ணு ஆறிப்பூடும், மறுக்கா வராது. பொய்னா ஆத்தா காட்டிக் குடுத்துடுவா. அன்னிக்கே வியாசர்பாடிக்கு, அவ அண்ணன் வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம். அம்மு இங்கதான் இருக்கும்."

பரசுராமன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே சம்மதமாயிற்று.

மகிழமரம் திருவொற்றியூர்க் கோயிலின் திருச்சுற்றில் நிற்பது. இறைவனையே தோழனாய்ப் பெற்ற அடியவர் ஒருவர், "உன்னைப் பிரியேன்" என்று தம் மனைவிக்கு அம்மரத்தடியில் சூளுரைத்து, அதனை மறந்து ஊரெல்லையைக் கடந்தபோது கண்ணொளி இழந்தார் என்பது தலத்தின் பழங்கதை. அக்கதையில் சூளுரைத்தவர் கணவர். கேட்டு நின்றவள் மனைவி. ஆயினும் காலப்போக்கில், அம்மரத்தடிக்கு ஈரப்புடவையோடு வந்து நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களாகவே ஆகிவிட்டனர்.

சத்தியம் செய்யப் பூவம்மாள் அஞ்சவில்லை. அவள் நெஞ்சில் மறைவு ஏதும் இல்லை. மறுக்கா வராது என்ற அந்தச் சொல்தான் அவளை வருத்தியது. தன் உடம்பு தன் சொல்லைக் காக்குமா என்பதை அவள் அறியாள். அறியாத ஒன்றை ஆத்தாளின் முன் எவ்வாறு பிணை வைப்பது?

அடுத்த வீட்டுச் சாபிராவிடம் மட்டும் அவள் வாய்திறந்தாள். சாபிராவின் கணவன் மஜீதும் அதே ஆலையில், அதே உலையில், பரசுராமனோடு முறை மாற்றி நிற்பவன். கேட்டதும் சாபிரா வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரரும் அதே நெருப்பு முன்னாடிதான் வேவறாரு. அவருக்குக் கொப்புளம் கையில வருது, மொகத்துல வருது. உம் புருசனுக்கு வர்ற சூடு மட்டும் இன்னா, எடம் பாத்து வருது?"

"சிரிக்காத சாபிரா."

"சிரிக்காம இன்னா பண்ண சொல்ற? எந்திரி. ராயபுரத்துல ஒரு டாக்டரம்மா கீறாங்க. தேவப்பிரியம்னு பேரு. என் மூணு புள்ளையும் அவங்க கையிலதான் பொறந்துச்சு. அவங்க பாக்காத எடமா உங்கிட்ட கீது?"

பேருந்தில் பூவம்மாளால் உட்கார இயலவில்லை. தண்டையார்பேட்டையின் கிடங்குகளையும் பட்டறைகளையும் கடந்து வண்டி குலுங்கிக் குலுங்கிச் சென்ற வழியெல்லாம் கம்பியைப் பற்றியபடியே நின்றாள். இடம் தந்த ஒருவரிடம், "அவ குந்த மாட்டா, வேண்டுதலு," என்று சாபிரா பொய் சொன்னாள்.

மருத்துவர் தேவப்பிரியம் நரைத்த தலையும் வீங்கிய கணுக்கால்களும் உடையவர். காலையிலிருந்து அவர் முன் வந்துபோன பெண்களின் வரிசை அவர் கண்களின் கீழே கறுத்துத் தேங்கியிருந்தது. ஆயினும் திரையை இழுத்துவிட்டு, கைகளைக் கழுவி, விளக்கை அருகே திருப்பிப் பார்த்தபோது அவர் பார்வை சோர்வு நீங்கிக் கூர்மையாயிற்று.

"எரியுதுல்ல? முதல் தடவ வரும்போது இப்படித்தான் ஆட்டி வைக்கும். காய்ச்சல், நெறி, எல்லாம் சேர்ந்து வரும். பயப்படாதே, ஆறிடும். தழும்பு கூட இருக்காது."

"மேகமா டாக்டரம்மா?"

"நீ நினைக்கிற மேகம் இல்ல. அந்தப் புண்ணு வலிக்காது. ஒண்ணா, கல்லு மாதிரி கெட்டியா இருக்கும். இது கொத்தா வருது, வலி உயிர் போகுது. எதுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துடுவோம். இது ஹெர்ப்பிஸ்னு ஒரு கிருமி. உதட்டோரத்துல காய்ச்சலுக்கப்புறம் கொப்புளம் வருமே, பார்த்திருக்கியா? அதோட ஜாதிதான். கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு."

"ஊசி போட்டா பூடுங்களா? பென்சிலின்னு சொல்றாங்களே."

நாடு விடுதலை பெற்ற அந்த முதற்பத்தாண்டில், பென்சிலின் என்னும் சொல் பேட்டைகளில் மந்திரம்போல் வழங்கிவந்தது. மருத்துவர் தலையசைத்தார்.

"இதுக்கு அது கேக்காது. இதைக் கொல்ற மருந்து எங்கிட்டயும் இல்ல, யார்கிட்டயும் இல்ல. உப்புப் போட்ட வெந்நீர்ல கழுவு. துடைச்சு ஈரமில்லாம வை. ஊதா மருந்து தரேன், தடவு. தொட்ட கையைக் கழுவாம கண்ணுல வைக்காதே, கண்ணு போயிடும். ஆறினப்புறம் மறுபடியும் வரலாம். ஆனா இவ்வளவு கொடுமையா வராது."

பூவம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். "மறுக்கா வருமா? சத்தியம் பண்ணினாலுமா?"

தேவப்பிரியத்துக்கு அது விளங்கவில்லை. திரைக்கு அப்பாலிருந்து சாபிராதான் சொன்னாள். மகிழடி, ஈரப்புடவை, வியாசர்பாடி, அம்மு எல்லாம் சொன்னாள். மருத்துவர் கேட்டு முடித்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்து அதில் மெல்ல அமர்ந்தார்.

"கேளு பூவம்மா. இந்தக் கிருமி புண்ணு ஆறினதும் வெளியே போறதில்ல. உள்ளே நரம்போட வேர்ல போய்ப் படுத்துக்குதுன்னு படிச்சவங்க சொல்றாங்க. மாசக்கணக்கா தூங்கும், வருஷக்கணக்கா தூங்கும். உடம்பு அசந்தா, காய்ச்சல் வந்தா, மனசு நொந்தா எழுந்து வரும். அது பாட்டுக்கு வரும். நீ நல்லவளா கெட்டவளான்னு அதுக்குத் தெரியாது. எப்படி வந்துச்சுன்னா, தோலோட தோல் பட்டு வரும். துணியில, கிணத்தடியில, உலை அனல்ல வராது. உன் புருஷனுக்கு இது மாதிரி உண்டா?"

"உண்டு. ஆனா அவரு கொப்புளம் வந்தா கிட்டயே வர மாட்டாரு டாக்டரம்மா. எண்ணெ தேச்சிக்கினு மணல்ல போய்ப் படுத்துப்பாரு."

"அதனாலதான் இத்தனை வருஷம் தப்பிச்சிருக்கே. அவருக்கு எதுக்குன்னு தெரியல, ஆனா நல்ல வேலை செஞ்சிருக்காரு. கொப்புளம் வர்றதுக்கு முந்தி அரிக்குமே, அப்பவே அது தொத்தும். வெளியில ஒண்ணுமே தெரியாமலும் சில நேரம் தொத்தும். அரிப்பு இருந்தும் அவர் எண்ணெ தேய்க்காம இருந்த நாள் ஏதாவது உண்டா?"

பூவம்மாளுக்கு உடனே நினைவு வந்தது. நினைவு வந்ததும் உடம்பின் வலியெல்லாம் ஒரு கணம் விலகி நின்றதுபோல் இருந்தது.

ஆண்டுக்கொரு முறை ஆலையில் பாய்லரை அணைத்துவிடுவார்கள். அதிகாரி வந்து பார்வையிடுமுன் அதனை ஆறவிட்டு, ஆட்கள் உள்ளே நுழைந்து, சுவர்களில் படிந்த உப்புச் செதிலைச் சுத்தியால் தட்டி உதிர்ப்பார்கள். சென்ற மாதம் அவ்வாறு அணைந்தது. அந்த நாள்களில் ஒரு மாலை பரசுராமன் வேட்டியை நெகிழ்த்திச் சொறிந்துகொண்டிருந்தான். "எண்ணெ காய்ச்சட்டுமா?" என்று அவள்தான் கேட்டாள். அவன் சிரித்தான். "பாய்லரே ஜில்லுனு செத்துக் கெடக்குது. சூடு எங்கேந்து வரும்? செதிலுத் தூளு ஒட்டிக்கினு அரிக்குது." நெருப்பில்லாத நாளில் சூடு இல்லை, சூடு இல்லாத உடம்புக்கு எண்ணெய் வேண்டாம், எண்ணெய் தேய்க்காதவனுக்கு விலக்கும் இல்லை. அன்று அவன் பாயைச் சுருட்டவில்லை.

"உண்டு," என்றாள் பூவம்மாள்.

"உங்களுக்கு இன்னொரு குழந்தை உண்டானா, பிரசவத்துக்கு இங்கேதான் வரணும், வந்ததும் இதைச் சொல்லணும். பிறக்கிற பிள்ளைக்கு இது ஆகாது. அவரையும் கூட்டிட்டு வா."

"வருவாருங்களா?"

"ஆம்பளைங்க வர மாட்டாங்க," என்றார் தேவப்பிரியம். அவர் அதற்குள் அடுத்தவளை அழைக்க மணியில் கையை வைத்திருந்தார். "இருந்தாலும் சொல்லிப் பாரு."

வெள்ளிக்கிழமை காலை. இரத்தத்தில் குறையொன்றும் இல்லை என்ற செய்தியை முன்தினமே சாபிரா போய்க் கேட்டு வந்திருந்தாள். புண்ணுக்கு மருந்து வாங்கி வந்ததற்குமேல் பூவம்மாள் வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால், தமக்கையும் தம்பியும் சேர்ந்து அவள் சொல்லை வெறுஞ்சொல்லாய்த் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். சில சொற்கள் சில இடங்களில்தான் எடைபெறுகின்றன.

குளத்துப் படியில் அவள் தயங்கினாள். "ஈரம் ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லிக்கீதுக்கா."

"சாமிக்கு முன்னாடி டாக்டரா? முயுகு."

முழுகினாள். எழுந்தபோது ஈரப்புடவை தொடையோடு ஒட்டி உரசியது. ஆறத் தொடங்கியிருந்த புண்கள் ஒவ்வொன்றும் வாய்திறந்தன. திருச்சுற்றின் கருங்கல்லில் அடிமேல் அடிவைத்து அவள் நடந்த நடையைக் கண்டு, பூத்தொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். மகிழமரம் காற்றில்லாமல் நின்றது. உதிர்ந்த பூக்கள் தரையெங்கும் வாடிக் கிடந்து மணத்தன. ராஜாத்தி தட்டில் கற்பூரத்தை ஏற்றினாள். பரசுராமன் சற்றுத் தள்ளி, தோள்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

பூவம்மாள் அடிமரத்தில் உள்ளங்கையைப் பதித்தாள்.

"இந்த ஆளு கையத் தவிர வேற ஆம்பள கை எம்மேல பட்டதில்ல. பட்டிருந்தா எங்கண்ணு அவிஞ்சு போவட்டும்." சொற்கள் தெளிவாகவும் சலிப்பாகவும் வந்தன. கையை எடுக்காமலே தலையைத் திருப்பினாள். "கற்பூரம் இன்னும் எரியுது. நீயும் வந்து கை வை."

"நானா? நான் எதுக்கும்மே?"

"ஒரே ஒரு கேள்விதான். பொம்பள விசயம் கேக்கல. பாய்லரு விசயம்."

"இன்னாம்மே உளர்ற? தம்பி, எதுக்குடா நீ—" என்று ராஜாத்தி தொடங்கினாள்.

"இரு அக்கா," என்றான் பரசுராமன். உலையைப் பற்றிய கேள்விக்கு அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அவன் வந்து மரத்தில் கை வைத்தான். கரி ஏறிக் கறுத்த அந்தக் கை அவளுடைய ஈரக்கைக்கு அருகே இருந்தது.

"போன மாசம் பாய்லரை அணைச்சுப் போட்டாங்களே. உலையில ஒரு பொறி கூட இல்ல. அப்ப உனக்கு அந்த எடத்துல குறுகுறுன்னுச்சா, இல்லியா? அதுக்கப்புறம் கொப்புளம் வந்துச்சா, இல்லியா?"

அவன் வாயைத் திறந்தான். வந்தது என்பதை அவன் அறிவான். செதில் தூளால் வந்த சிரங்கு என்று அதனைத் தனக்குள் ஒதுக்கி, மறைத்தும் வைத்திருந்தான். இப்போது குளிர்ந்து கிடந்த அந்த இரும்பு வயிறு அவன் கண்முன் நின்றது. நெருப்பே இல்லாத இடத்திலிருந்து சூடு வந்தது என்று எந்த வாயால் சொல்வது? இல்லை என்று பொய் சொல்லிவிடலாம். ஆனால் கை மரத்தின்மேல் இருந்தது.

"இன்னாடா, வாயில இன்னா கொழுக்கட்டையா? சொல்லேன்டா!" என்றாள் ராஜாத்தி.

கற்பூரம் எரிந்து அணைந்தது.

"வந்துச்சு," என்றான் பரசுராமன்.

ராஜாத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முழுதும் விளங்கவில்லை. ஆயினும் தம்பியின் முகம் விளங்கியது. வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு, "அம்மு எந்திரிச்சிருக்கும்," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டு முன்னே போய்விட்டாள்.

பூவம்மாள் மரத்தில் சாய்ந்தாள். மருத்துவர் சொன்னதையெல்லாம் சுருங்கச் சொன்னாள். அவன் குறுக்கிடாமல் கேட்டான்.

"அப்ப இது சூடு இல்லியா?"

"இல்ல."

"சண்ட டைம்ல, ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு ஊரே காலியா கெடந்துச்சு. அப்ப நான் ஆர்பர்ல கரி தூக்கிக்கினு இருந்தேன். ஒரு தபா—"

"எப்ப, எவளுன்னு நான் கேக்கல." அவள் குரலில் சினம் இல்லை, சினத்துக்கு வேண்டிய வலுவும் இல்லை. "கேட்டு இன்னா ஆவப்போவுது? எனக்கு இந்தத் துணிய மாத்தணும். எரியுது."

அவன் தன் தோள்துண்டை நீட்டினான். அதை வாங்கி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவள் நடந்தாள். அவன் அவள் நடைக்குத் தன் நடையைத் தளர்த்திக்கொண்டு பின்னே வந்தான். தேரடி தாண்டியபின் கேட்டான்.

"இது போவவே போவாதா, பூவு?"

"போவாது. தூங்குமாம். முயிச்சுக்குமாம்."

"அப்ப இன்னா பண்றது?"

"சொல்லணும். பாய்லர் எரிஞ்சாலும் அணைஞ்சாலும், குறுகுறுன்னா எங்கிட்ட சொல்லணும். எனக்கு வந்தா நான் சொல்றேன். டாக்டரம்மா உன்னையும் வரச் சொல்லிக்கீது."

ராயபுரத்துக்கு அவன் அதன்பின்னும் போகவில்லை. ஒவ்வொரு வாரமும் போகிறேன் என்று சொன்னான்.

மழைக்காலம் தொடங்கிய பின் ஒருநாள், பூவம்மாளுக்கு முதலில் அது திரும்பி வந்தது. முன்போல் காய்ச்சல் இல்லை, நெறி இல்லை. ஊசி முனைகள் ஊர்வதுபோல் ஒரு குறுகுறுப்பு மட்டும். சோற்றை இறக்கி வைத்துவிட்டு அடுப்படியிலிருந்தே சொன்னாள்.

"வந்துக்கீதுய்யா."

மூலையில் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ராஜாத்தியின் கை நின்றது. வெள்ளிக்கிழமையும் மகிழடியும் அவள் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மறுக்கா வராது என்று சொன்னவள் அவள்தானே? ஏதோ சொல்ல வாயெடுத்துத் தம்பியைப் பார்த்தாள். பரசுராமன் எழுந்து பாயைச் சுருட்டினான். வெளியே மழை பிடித்திருந்தது. மணலுக்குப் போக வழியில்லை. சுருட்டிய பாயோடு சிறிது நேரம் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி, அம்முவுக்கு அப்பால், சுவரோரமாய் அதனை விரித்தான்.

"எண்ணெ காய்ச்சட்டுமாடா?" என்று ராஜாத்தி மெல்லக் கேட்டாள்.

"வேணாம்க்கா. உப்புத் தண்ணி காய்ச்சு. அவளுக்கு."

முறம் மறுபடி அசைந்தது, பிறகு நின்றது. ராஜாத்தி எழுந்து அடுப்பில் பானையை ஏற்றினாள்.